பிந்தி ஓட வைத்த மணிக்கூடு

"அவர்ர மணிக்கூடு பிந்தித்தானே ஓடும்? நீங்களே சொல்லுங்க, பிந்தித்தானே ஓடும்?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் மணிக்கூட்டுக் கடை வாசலில் நின்று பரமேஸ்வரி அக்கா கேட்டார். கல்லடியில் இருந்த அருளம்பலம் வாத்தியாரின் மனைவி. வாத்தியார் வவுணதீவுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அன்று காலை அங்கே போகிற வழியில் இராணுவச் சாவடியில் அவரைப் பிடித்து இருத்திவிட்டார்கள். கையில் இருந்த மணிக்கூட்டையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். மணிக்கூடு டவுன் நேரத்துக்குக் கால் மணி பிந்தியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "இது பழுது சேர், எந்த நாளும் பிந்தித்தான் ஓடும்" என்று சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ஓட்டிப் பார்ப்போம் என்றார்களாம்.

நான் காசிம் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த டுவீசர் இடுக்கியை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தார்.

"ஓம் மகள், பிந்தித்தான் ஓடும். பயப்படாமப் போங்க" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து முதலாளி வாயைத் திறந்தார்.

"தம்பி, அந்த மணிக்கூடு இப்பப் பிந்தாது. போன கிழமை நான் அதைச் சரியா வெச்சுட்டன்."

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு இது ஏன் ஓர் உயிர்ப் பிரச்சினை என்று விளங்காது. பற்றரி மாற்றிக் கொடுப்பதையே மணிக்கூட்டு வேலை என்று நினைக்கிற காலம் இது. ஆகவே முதலில் கொஞ்சம் தொழில், பிறகு கொஞ்சம் ஊர், அதன் பிறகு அந்தச் சாவடிக்கு வருகிறேன்.

1. பலகை

எங்கள் கடை மட்டக்களப்பு டவுனில் இருந்தது. முன்னுக்கு ஒரு கண்ணாடி அலுமாரி, பின்னுக்கு இரண்டு மேசை. ஒன்று எனக்கு, ஒன்று முதலாளிக்கு. அவர் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். பாதை பூட்டியிருந்தால் மட்டும் வரமாட்டார். அதுவும் கோபத்தோடுதான்.

சாவி கொடுக்கிற மணிக்கூட்டைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, எண்ணெய் விட்டுப் பூட்டினால் சர்வீஸ் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவரை செய்தது சமையல் என்றால், உப்புப் பார்ப்பது இனித்தான். அதற்குப் பெயர் ரெகுலேட் செய்வது. பின்மூடியைத் திறந்தால், இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடுகிற பேலன்ஸ் வீலுக்கு மேலே ஒரு சின்ன லீவர் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் மணிக்கூடு முந்தும், மறுபக்கம் தள்ளினால் பிந்தும். தள்ளுவது என்றால் மயிரிழை அளவு. தள்ளிவிட்டு ஒரு நாள் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு திரும்பத் தள்ள வேண்டும்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. மேசையில் மல்லாந்து கிடக்கிற மணிக்கூடு ஒரு மாதிரி ஓடும். அதே மணிக்கூடு, பக்கத்தில் திருகுகிற சாவி கீழே இருக்கத் தொங்கினால் வேறு மாதிரி ஓடும். அதனால் வாடிக்கையாளரிடம் எந்தக் கையில் கட்டுவீர்கள், படுக்கும்போது எங்கே வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்போம். "என்ன தம்பி, சம்பந்தம் பேச வந்த மாதிரிக் கேக்கிறாய்" என்று சிரிப்பார்கள். கேட்டதற்கு ஏற்ற மாதிரி, சுவரில் இருந்த பலகையில் கொக்கி பார்த்துத் தொங்கவிடுவோம். பக்கத்தில் பெண்டுலம் ஆடுகிற பெரிய சுவர் மணிக்கூடு. வானொலிச் செய்திக்கு முந்தி வருகிற பீப் சத்தத்துக்கு அதை வைப்போம். பலகையில் தொங்குவதெல்லாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பலகையில் வேலை முடிந்தும் யாரும் எடுக்க வராத மணிக்கூடுகளும் தொங்கின. வருடம் போகப் போக அவை கூடின. ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரிடமும் கேட்பதில்லை. சிலர் வெளிநாடு போயிருப்பார்கள். மற்றவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் எனக்கு முதல் வேலை அவை எல்லாவற்றுக்கும் சாவி கொடுப்பது.

"ஏன் முதலாளி, அலுமாரிக்குள்ள போட்டு வைப்பமே" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஓடுற மணிக்கூட்ட நாம நிப்பாட்டப்படாது. நிப்பாட்டினா அந்தாளப் பத்தி நாம ஒரு முடிவு எடுத்த மாதிரி" என்றார்.

எனக்கு அந்த வேலை பிடிக்காது. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது ஆளின் கையைப் பிடிப்பது போலிருக்கும். தோல் வாரில் அவரவர் வியர்வை மணம் அப்படியே இருக்கும். மழை பெய்து தெருவில் சனம் இல்லாத நாட்களில் கடைக்குள் இருக்கிறது நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று தோன்றும். இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

2. இரண்டு கரை

மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும்புகிற கரையும் படுகிற கரையும். அந்த வருடங்களில் டவுன் இராணுவத்தின் கையில் இருந்தது. படுவான்கரை இயக்கத்தின் கையில். வவுணதீவுப் பாதையில் இரண்டு பகுதியின் சாவடிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வெளி. சூனியப் பிரதேசம் என்பார்கள். பற்றை வளர்ந்து கிடக்கும். பாதையை விட்டுக் கால் வைத்தவர்கள் இல்லை.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணி, பிறகு அதில் பாதியைக் குறைத்து அரை மணி. படுவான்கரையில் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நடந்தது. நாங்கள் எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது வாவிக்கு அப்பால் ஏழரை. ஒரே வெயில், ஒரே காகம், நேரம் மட்டும் இரண்டு.

எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? மணிக்கூட்டைக் கையில் கொடுக்கும்போது "சரியான நேரத்துக்கு வெச்சிருக்கம்" என்று சொல்வது எங்கள் பெருமை. அந்தப் பெருமை போய்விட்டது. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அதையும் குரலைத் தணித்துத்தான் கேட்க வேண்டும்.

பழைய நேரம் காட்டும் மணிக்கூட்டோடு இராணுவச் சாவடிக்கு வந்தால் "நீ அங்குள்ள ஆள்" என்பார்கள். புதிய நேரத்தோடு இயக்கத்தின் சாவடிக்குப் போனால், "டவுன்காரன்ட நேரத்தில நடக்கிறாய், யாற்ற ஆள் நீ?" என்பார்கள். நடுவெளியில் திருப்பி வைக்கலாமே என்று நினைப்பீர்கள். இரண்டு பக்கமும் தூரக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிக்கூட்டின் சாவியில் விரல் வைத்தவனைச் சைகை காட்டினான் என்று பிடித்தார்கள். அதனால் சனம் மணிக்கூட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனது.

வாத்தியாரால் அது முடியாது. அவருடைய பள்ளிக்கூடத்தில் வேறு மணிக்கூடு கிடையாது. அவர் கையைப் பார்த்துத்தான் அங்கே மணி அடித்தார்கள்.

3. வாத்தியார் கொடுத்த ஓடர்

அவர் நெட்டையான மனிதர். எப்போதும் குடையோடுதான் வருவார். மணிக்கூட்டை டயல் உள்ளங்கைப் பக்கம் இருக்கக் கட்டுவார். சைக்கிளில் போகும்போது கண்ணாடி கீறுப்படாமல் இருக்கவாம்.

"தம்பி, இதக் கழுவித் தாங்க. ஆனா பிந்தி ஓடணும்."

"என்ன சேர்?"

"பிந்தி. நாளுக்குச் சில நிமிசம் பிந்தட்டும். ஆரும் எடுத்து வெச்சுப் பாத்தாலும் பிந்தணும்."

அவர் கணக்குப் படிப்பிக்கிறவர், கணக்காகவே யோசித்திருந்தார். மணிக்கூட்டை இரண்டு நேரத்துக்கும் நடுவில் வைப்பார். இங்கே கால் மணி பிந்தல், அங்கே கால் மணி முந்தல். இரண்டு பக்கமும் ஒரே பதில்: இது பழுதான மணிக்கூடு. பழுதான மணிக்கூட்டைக் கட்டியவனை யாரும் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்பதில்லை, பரிதாபப்படுவார்கள்.

"அங்கால சோதிச்சா என்ன செய்வீங்க சேர்? அங்க முந்துதெண்டல்லவா சொல்லணும்?"

"அங்க நிக்கிறது என்னட்டப் படிச்ச பொடியன். சேர்ர மணிக்கூடு விசர் மணிக்கூடு எண்டு சிரிப்பான். இஞ்சால சிரிக்கிறதுக்குத்தான் ஆளில்ல."

வேலை முடித்துக் கொடுத்த அன்று அவர் இன்னொன்றும் சொன்னார்.

"அந்த நடுவெளியில ஒரு நாய் நிக்கிது தம்பி. இஞ்சாலயும் வராது, அங்காலயும் போகாது. நான் நடக்கக்குள்ள கூட நடக்கும். சாவடிக்கிட்ட வந்தா நிண்டுரும். அது நிக்கிற இடத்தில இப்ப என்ன நேரம் எண்டு சில நேரம் யோசிப்பன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லீவரை 'ஸ்லோ' பக்கத்தில் கடைசிவரை தள்ளிக் கொடுத்தேன். முதலாளிக்கும் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த விசர் மணிக்கூடு நீண்ட காலம் ஒழுங்காகப் பிழை காட்டியது.

மாரி மழையில் அதற்குள் தண்ணீர் போய் நின்றுபோனது. அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல். முதலாளிதான் கழற்றிச் செய்து கொடுத்திருக்கிறார்.

"உங்களுக்குத் தெரியும்தானே முதலாளி" என்று, அக்கா போன பிறகு கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"தெரியும். மறந்துட்டன் எண்டும் செல்ல மாட்டன். பலகையில தொங்கவிட்டுப் பாக்கன், பிந்துது. கை தானா லீவருக்குப் போகுது. பிந்துற மணிக்கூட்ட மூடிக் குடுக்க இந்தக் கைக்குத் தெரியாதே தம்பி."

நல்ல வேலைக்காரர் ஒருவர் நல்ல வேலை செய்ததால் ஒரு மனிதர் சாவடியில் இருந்தார்.

4. லெப்டினன்ட் உட்கார்ந்த பகல்

அடுத்த நாள் காலை கடை வாசலில் ஜீப் நின்றது. ஒரு சிப்பாய் வாசலில் நின்றுகொள்ள, ஓர் இளம் லெப்டினன்ட் உள்ளே வந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். எனக்கு அதுவே அதிகப் பயமாக இருந்தது.

ஒரு பொலித்தீன் பையிலிருந்து வாத்தியாரின் மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது பிந்தி ஓடும் என்று ஒருவர் சொல்கிறார். உங்கள் கடையில் திருத்தியதாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

"மாரிக்குள்ள தண்ணி போன மணிக்கூடு சேர்" என்றார் முதலாளி. அது பதில் இல்லை.

"ஓட்டிப் பார்ப்போம்."

தன் கை மணிக்கூட்டைப் பார்த்து அதைச் சரியாக வைத்தார். சாவி கொடுத்தார். நான் வாங்கித் தொங்கவிடக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. தானே எழும்பிப் பலகைக்குப் போய், கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சாவி கீழே இருக்கும்படியான கொக்கியில் மாட்டினார். கையில் கட்டிய மணிக்கூட்டுக்கு அதுதான் சரியான இடம். வெளியாள் ஒருவருக்கு அது தெரிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார்.

யாரும் கடைக்கு வரவில்லை. ஜீப்பைப் பார்த்தால் யார் வருவார்கள்? முதலாளி பகல் லுஹர் தொழுகைக்கு அனுமதி கேட்டுப் போய்த் திரும்பி வந்தார். நான் ஒரு மணிக்கூட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஒரே திருகாணியைத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தேன். லெப்டினன்ட் பலகையையே பார்த்தார். ஒருமுறை கேட்டார்:

"இவ்வளவும் யாருடையது?"

"ஆக்கள்ர சேர். எடுக்க வரல்ல."

"எல்லாம் ஓடுகின்றனவே."

"ஓம் சேர்."

எடுக்க வராதவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. அந்த மணிக்கூடு முதலாளி கை வைத்தது, ஒரு துளியும் பிந்தாது என்று எனக்குத் தெரியும். மாலையில் அவர் எழும்பிப் பார்ப்பார். வாத்தியாரின் கதை அதோடு முடியும். பிறகு எங்கள் கதை. இதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்தபோது அவர் எழும்பினார். மணிக்கூட்டைக் கழற்றித் தன் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். எங்களையும் கிட்ட வரச் சொன்னார்.

பிந்தியிருந்தது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, இரண்டு நிமிடம் அளவில் பிந்தியிருந்தது.

"சரி. வாத்தியார் உண்மைதான் சொல்லியிருக்கிறார்" என்று சிப்பாய்க்கும் கேட்கச் சொன்னார். மணிக்கூட்டை மேசையில் வைத்தார். "அவர் வந்து எடுத்துக்கொள்வார்."

ஜீப் போய்விட்டது. முதலாளி மணிக்கூட்டைக் கையில் எடுத்தார்.

5. மூடிக்குள்

உடனேயே திறந்து பார்த்தோம். திறப்பதற்கு முன் முதலாளி மூடியின் விளிம்பைக் காட்டினார். அங்கே ஒரு சின்ன வெட்டு இருக்கும். மூடும்போது அந்த வெட்டைச் சாவிக்கு நேரே கொண்டுவந்து அமத்துவது எங்கள் கடைப் பழக்கம். வேறு கைபட்டால் உடனே தெரிந்துவிடும். வெட்டு சாவிக்கு நேரே, நாங்கள் மூடியது போலவே இருந்தது.

உள்ளே லீவர் 'ஸ்லோ' பக்கத்தின் கடைசியில் நின்றது.

"நீ தொட்டியா?" என்றார் முதலாளி.

"எப்ப முதலாளி? அந்தாள் முன்னால இருக்கக்குள்ளயா?"

"நான் நடுவில வெச்சன். அல்லாஹ்வுக்குத் தெரியும், நடுவிலதான் வெச்சன்."

லீவர் தானாக நகராது. எத்தனையோ பேருக்கு இதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விழுந்தாலும் நகராது, தண்ணீர் போனாலும் நகராது. ஆள் ஒருவர் தள்ள வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் விட்டால் அந்த மூடியை அப்படி மூடுகிற ஆள் ஊரில் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியது. அதனால்தான் பயம் வந்தது.

முதலாளி மூடியை மூடினார். மணிக்கூட்டைப் பலகையில், எடுக்க வராதவர்களின் மணிக்கூடுகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே மனமில்லை.

6. யார் தள்ளியது

வாத்தியாரை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அக்காவோடு வந்து மணிக்கூட்டை எடுத்துப் போனார். முகம் வீங்கவில்லை, காயம் இல்லை. முதலாளி சந்தோசத்தில் தேத்தண்ணி எடுப்பித்தார். வாத்தியார் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மாதம் ஒன்று போயிருக்கும். திரும்பவும் இரண்டு பேரும் வந்தார்கள். வாத்தியாரின் சட்டை அவர் தோளில் தொங்கியது, அவ்வளவுக்கு மெலிந்திருந்தார்.

"தம்பி, அண்டைக்கு அந்த லீவரைத் தள்ளினது ஆர் எண்டு தெரியுமா?" என்றார்.

முதலாளி டுவீசரைக் கீழே வைத்தார்.

"லெப்டினன்ட். என்ர கண்ணுக்கு முன்னால. மேசையில மூடி திறந்து கிடக்கு. 'என் அப்பாவுக்கும் இப்படி ஒரு கடை இருந்தது. இந்த மணிக்கூடு கொஞ்சமும் பிந்தவில்லை, வாத்தியார்' எண்டார். மறுகா ஒரு பேனாக்கத்தியால லீவரத் தள்ளினார். 'இனிப் பிந்தும்' எண்டார். மூடியில வெட்டு எங்க இருந்ததோ அங்கயே வெச்சு அமத்தினார்."

"அப்ப அந்தாள் நல்ல மனுசன்தானே சேர்" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். கும்புடவும் நினைச்சன்." வாத்தியார் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நான் போற ஒவ்வொரு நாளும் கையப் பிடிப்பார். டாக்குத்தர் நாடி பாக்கிற மாதிரி. திருப்பிப் பாத்துட்டு, 'பிந்துதா வாத்தியார்?' எண்டு கேப்பார். பிந்துது சேர் எண்டு நான் சொல்லணும். சிரிப்பார். போன வெள்ளிக்கிழமை, 'உங்கள் பள்ளிக்கூடத்துக்கு யார் யார் வந்து போகிறார்கள்?' எண்டு கேட்டார். அடுத்த வெள்ளி பெயரோட வரட்டாம்."

பரமேஸ்வரி அக்கா அழவில்லை. "அடிச்சிருந்தாலும் பரவால்ல தம்பி" என்றார். "இவர் ராவில கையத் துடைச்சுத் துடைச்சுக் கிடக்கார்."

எல்லாம் விளங்கிவிட்டது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனால் விளங்கிய பிறகு என் பயம் குறையவில்லை, கூடியது. ஒரு மனிதர் எங்கள் கடையில் பகல் முழுக்க உட்கார்ந்து, முடிவு தெரிந்த ஒரு சோதனையை, எங்களுக்கு முன்னால் பொறுமையாக நடத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"இதச் சரியா ஓட வையுங்க" என்றார் வாத்தியார். "ஒரு பொய்யக் கையில கட்டிற்றுப் போனன். அதில அவர் கயிறு போட்டுட்டார். எனக்கு இனிப் பொய் வேணாம், பெயரும் குடுக்க மாட்டன். நாங்க ரெண்டு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போய் இருக்கப் போறம்."

"அங்கயும் கேப்பாங்களே வாத்தியார்" என்றார் முதலாளி.

"கேப்பாங்க. கேக்கட்டும். ஒளிக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லாட்டிப் போதும்."

"எந்த நேரத்துக்கு வைக்க?"

வாத்தியார் சுவரைக் காட்டினார். "அந்த நேரத்துக்கு. டவுன் நேரம். சாவடியில கையப் பிடிப்பார்தானே, நல்லாப் பாக்கட்டும். அங்கால போய் எல்லாருக்கும் முன்னால மாத்திறன்."

முதலாளி அந்த மணிக்கூட்டை முழுதாகக் கழற்றினார். சுத்தமாக இருந்ததைத் திரும்பவும் கழுவினார். மல்லாக்கவும் குப்புறவும் தொங்கவிட்டும் பார்த்துப் பார்த்து, லீவரைத் தொட்டுத் தொட்டு வைத்தார். அந்த நாட்களில் வாத்தியார் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தார். இவ்வளவு கவனமாக முதலாளி வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. முடிந்தபோது அதில் பிழை கண்டுபிடிக்க எவனாலும் முடியாது. வெள்ளிக்கிழமை காலை வாத்தியாரும் அக்காவும் இரண்டு உடுப்புப் பையோடும் குடையோடும் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

7. வெள்ளிக்கிழமை

பின்னேரம் ஜீப் வந்தது. இந்தமுறை லெப்டினன்ட் உட்காரவில்லை.

"அவருடைய மணிக்கூடு இன்றைக்குச் சரியாக இருந்தது" என்றார்.

"ஓம் சேர், திருத்திக் குடுத்தம்."

"ஏன்?"

முதலாளி எழும்பி நின்றார்.

"அதுதானே சேர் எங்கட வேல."

லெப்டினன்ட் சுவர் மணிக்கூட்டுக்குப் போய், கண்ணாடிக் கதவைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த பெண்டுலத்தை ஒரு விரலால் தொட்டு நிறுத்தினார். கதவை மெதுவாகச் சாத்தினார். போய்விட்டார்.

சுவர் மணிக்கூடு நின்ற பிறகுதான் பலகையில் தொங்கியவை எவ்வளவு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தன என்று தெரிந்தது. வாத்தியாரை விட்டாரா, பிடித்தாரா என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் எப்படிக் கேட்பது? மணிக்கூடு சரியாக இருந்தது என்றார், அவ்வளவுதான். அதை வைத்து என்ன நினைப்பது? அடுத்த நாள் வானொலியின் பீப் சத்தம் வரும்வரை முதலாளி அந்தப் பெண்டுலத்தைத் தொடவில்லை.

பிறகு வந்த நாட்களில் முதலாளி சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டு போவார். "நான் சரியா வெச்சது ரெண்டு தரம். ரெண்டு தரமும் அந்த மனுசன்ட தலையிலதான் விழுந்துதா?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னேன்.

படுவான்கரையிலிருந்து சட்டியில் தயிர் கொண்டுவந்து விற்கிற ஓர் அம்மா இருந்தார். கடைப் பக்கம் அவர் வருவதே இல்லை. பிறகு ஒரு நாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

"மணிக்கூட்டுக் கடை இதுதானா? வாத்தியார் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில மணி இப்ப நேரத்துக்கு அடிக்குதாம். அக்காவும் சுகமா இரிக்காவாம்."

முதலாளி ஐகிளாஸ் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு, வெறும் மேசையைக் குனிந்து பார்த்தபடி நீண்ட நேரம் இருந்தார். நான்தான் தயிர் வாங்கினேன்.

நேரம் இப்போது இரண்டு கரையிலும் ஒன்றுதான். என்னிடம் தொழில் பழக வருகிறவர்கள் கேட்கிறார்கள், ரெகுலேட் செய்வதில் கடினமானது எது என்று. மெசின் இல்லாமல் காதாலும் கண்ணாலும் பார்ப்பதா, கொக்கி மாற்றுவதா என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் கை பழகினால் வந்துவிடும். எந்தக் கையில் கட்டுவீர்கள், படுக்கும்போது எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விகளோடு இந்த மணிக்கூட்டை வேறு யார் பார்ப்பார்கள் என்பதையும் நான் கேட்டுக்கொள்வேன். பிழையாக ஓட வையுங்கள் என்று யாராவது வந்தால் சிரிக்கமாட்டேன், மறுக்கவும் மாட்டேன். கேட்டபடி செய்து கொடுப்பேன். கையில் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லுவேன்: இதன் மூடியைத் திறக்கத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை.